தொரசாணி படுத்த உயரம்

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில், மாரி வீட்டுப் பூனை 1971ஆம் வருஷம் ஐப்பசி மாதத்திலிருந்து தரையில் படுப்பதை விட்டுவிட்டது. அந்த ஒற்றை அறை வீட்டின் மேற்கு மூலையில் விரித்திருந்த கோரைப்பாய்க்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றில் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு தூங்கியது. தூக்கத்தில் அது கொஞ்சம் மேலே எழும்பும், கொஞ்சம் கீழே இறங்கும், மறுபடி எழும்பும். அந்த வருஷம் வலையில் வஞ்சிரம் சரியாகப் படவில்லை. சங்கரா மலிந்து கிடந்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட லாரிகள் போய்வந்ததில் ரோடு குண்டும் குழியுமாக ஆனது. பூனை காற்றில் படுத்ததும் அந்த வருஷத்துச் சமாச்சாரங்களில் ஒன்று.

பூனையின் பெயர் தொரசாணி. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். இடிந்த டச்சுக் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களைப் புதைத்த கல்லறைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றின் சந்தில் கத்திக்கொண்டிருந்த குட்டியை மாரியின் புருஷன் நீலமேகம் லுங்கியில் முடிந்து கொண்டுவந்தான். "சமாதில பொறந்தத தொரசாணின்னு கூப்புடாம கருப்பாயின்னா கூப்புடுவாங்க?" என்றான். அன்று முதல் அது அவன் நெஞ்சில்தான் தூங்கியது. அவன் கடலிலிருந்து வந்து, சாப்பிட்டு, பாயில் சாய்ந்ததும் மேலே ஏறும். முன்கால் இரண்டாலும் அவன் நெஞ்சை மாவு பிசைவதுபோலப் பிசையும். மூன்று சுற்றுச் சுற்றிப் படுக்கும். அதன்பிறகு நீலமேகம் அசைய மாட்டான். கட்டுமரத்தை இழுக்க ஆள் கூப்பிட்டாலும் அசைய மாட்டான். மாரி வந்து எழுப்பினால் ஒரு விரலை வாயில் வைத்து, "மெல்லப் பேசும்மே, தூங்குது" என்பான். "நான் ஒருநாளு தூங்கினா இப்பிடிச் சொல்லுவியா நீ?" என்று கேட்பாள் அவள். "நீ எங்க மேல ஏறிப் படுத்த?" என்பான். அடுத்த வீட்டுத் தனக்கோடி காதில் இதெல்லாம் விழும். குப்பத்து வீடுகளுக்கு இடையே ஓலைத் தடுப்புதான்.

அந்தக் குப்பத்தில் சாவுச் சேதியை வாயால் சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போன இருவரில் ஒருவன் திரும்பாவிட்டால், திரும்பியவன் போனவனுடைய துடுப்பை எடுத்து வந்து, அவன் வீட்டு நிலைப்படியில் குறுக்காக வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட வேண்டும். படியில் துடுப்பைப் பார்த்துத்தான் வீட்டுக்காரி அழ வேண்டும். அதற்கு முன் அழுதால் அது அபசகுனம். அந்தத் துடுப்பு, சாயங்காலம் வீட்டில் விளக்கு வைப்பதற்குள் வந்தாக வேண்டும். விளக்கு வைத்துவிட்டால் அது ஆம்பிளை இருக்கிற வீடு. பிறகு அந்த வீட்டுக்காரியே ஒருநாள் படியைக் காலியாக விட்டு உள்ளே போனால் ஒழிய, யாரும் துடுப்பு வைக்கக் கூடாது. படியில் ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த ஆளைத் தாண்டி வைக்கவே கூடாது. இப்படித்தான் அங்கே நடந்துவந்தது. இதில் ஓட்டை இருக்கிறதென்று மாரி உட்காரும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

நீலமேகமும் இருசப்பனும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஐப்பசி நாளில் விடியலுக்குப் போனவர்களில் இருசப்பன் மட்டும் மத்தியானம் தாண்டி, கோட்டைக்குத் தெற்கே கரையேறினான். கட்டுமரம் இல்லை. கையில் ஒரே ஒரு துடுப்பு. அது நீலமேகத்தினுடையது என்பது பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணியிலேயே தெரிந்தது. அவன் மணலில் நடந்து வருவதை மாரி தூரத்திலிருந்தே பார்த்தாள். மற்றப் பெண்களாக இருந்தால் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள். இருபுறமும் நிலைக் கட்டைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருசப்பன் துடுப்போடு எதிரில் நின்றான். உப்புத் தண்ணீர் குடித்து உதடு வெடித்திருந்தது.

"எழுந்து உள்ள போ தங்கச்சி."

"நான் போமாட்டேன்."

"நிக்க முடியல தங்கச்சி."

"அப்ப உக்காரு. யாரு வேணாங்கிறா."

அவன் உட்காரவில்லை. வெயில் சாய்ந்தது. குப்பமே தள்ளி நின்று பார்த்தது. குப்பத்துக்குத் தலைவரான காசிநாதன் நாட்டார் வந்து தொண்டையைக் கனைத்துவிட்டு, அவரும் தள்ளி நின்றுகொண்டார். பொழுது இறங்குகிற நேரத்தில் இருசப்பன் துடுப்போடு மணலில் விழுந்தான். நாலு பேர் அவனைத் தூக்கிப் போனார்கள். மாரி எழுந்தாள், உள்ளே போனாள், சிம்னி விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்தாள். காலையிலிருந்து கூரைமேல் உட்கார்ந்திருந்த தொரசாணி அப்போதுதான் இறங்கி வந்தது. பாயைப் பார்த்தது. காலியான காற்றில் முன்காலை வைத்து ஏறியது, பிசைந்தது, மூன்று சுற்றுச் சுற்றியது, படுத்தது. ஓலைத் தடுப்பின் ஓட்டை வழியாக முதலில் பார்த்தது தனக்கோடிதான். "ம்மே மாரி, உம்பூன இன்னா தொங்கிகினு கீது?" என்று கேட்டாள். "மெல்லப் பேசுக்கா, தூங்குது" என்றாள் மாரி.

மறுநாள் நாட்டார் வந்து பார்த்தார். குனிந்து பூனைக்கு அடியில் தன் துண்டை விட்டு இந்தப் பக்கம் இழுத்தார், துண்டு எதிலும் படாமல் வந்தது. பூனை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மூச்சு வாங்குகிற நெஞ்சின் மேல்தான் பூனை இப்படி ஏறி இறங்கும், பூனைக்கென்று தனியாக இவ்வளவு பெரிய மூச்சு கிடையாது என்று அவர் தீர்மானித்தார். விளக்கும் வைத்தாகிவிட்டது. ஆகவே தாலி இருக்கட்டும், பூ இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஜுரத்தில் கிடந்த இருசப்பன் எழுந்து நடமாடத் தொடங்கியதும், தன் கண்ணெதிரில்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லிப் பார்த்தான். "நீ பாத்தது கடல்ல. பூன பாக்கறது வூட்டுல. வூட்டுல கீறவன் பேச்சத்தான் எடுத்துக்கணும்" என்றார்கள். அவனோடு யாரும் கடலுக்கு வரவில்லை. அவன் கல்பாக்கத்துக்குச் சிமெண்டு மூட்டை சுமக்கப் போனான்.

பிறகு வருஷங்கள் போயின. மாரி காலையில் கூடையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்திலோ செங்கல்பட்டிலோ மீன் விற்றுவிட்டு வந்தாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு எங்கிருந்தாலும் வீடு சேர்ந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். பூனையும் பக்கத்தில் வந்து, உடம்பில் பாதி வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடக்கும். உள்ளேயும் போகாது, வெளியேயும் போகாது. நாலு வீடு தள்ளி இருசப்பன் வேலையிலிருந்து வந்து, கூரையில் செருகியிருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவான். மாரி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பான். துடுப்பைத் திரும்பச் செருகுவான். அவள் விளக்கு வைக்கப் போவாள். தினமும் இது நடந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பூனை செய்வதையெல்லாம் குப்பம் படிக்கக் கற்றுக்கொண்டது. தொரசாணி வெறும் சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், நீலமேகம் அங்கே சாய்ந்து வலை பின்னுகிறான். வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்றுமில்லாத இடத்தில் உரசி உரசி நடந்தால், இப்போதுதான் வெளியிலிருந்து வருகிறான். மாடத்திலிருந்த டம்ளரை ஒரு காலால் மெல்லத் தள்ளித் தள்ளிக் கீழே போட்டு உடைத்தால், டீ ஆறிப்போனது அவனுக்குப் பிடிக்கவில்லை. காரணமே இல்லாமல் சாயங்காலம் வீட்டுக்குள் மூலைக்கு மூலை ஓடினால் அவன் நூலை இழுத்து விளையாட்டுக் காட்டுகிறான். வந்த பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பாயைச் சுற்றி நடந்தார்கள். "உனக்கின்னாடி கொற? குடியும் இல்ல, அடியும் இல்ல, சோறும் கேக்கறதில்ல. எங்கூட்டுதுகூட இப்பிடி ஆயிட்டா தேவல" என்பாள் தனக்கோடி. மாரியும் சிரிப்பாள். மூன்றாவது வருஷமோ என்னவோ, செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரியிலிருந்து ராஜகோபாலன் என்கிற கம்பவுண்டர் குப்பத்து ஆடுகளுக்கு ஊசி போட வந்தபோது, அவரையும் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பூனையை நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். "வயித்துல பூச்சி இருக்கும்மா" என்று பவுடர் கொடுத்தார். மீனில் கலந்து கொடுத்தார்கள். பூச்சி விழுந்தது. பூனை பழையபடி மேலே ஏறிப் படுத்தது.

குப்பத்துக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மாரியால் அவனைத் தொட முடியவில்லை. பூனை இல்லாத நேரம் பார்த்து அவள் பாயருகே உட்கார்ந்து, அந்த ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். காற்றுதான். பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், தலை பாயில் முட்டியது. "ஏண்டி, உனுக்கு மட்டும் இன்னாடி அப்பிடி?" என்று பூனையைக் கேட்டாள். தொரசாணி அவளையே பார்த்து, இரண்டு கண்ணையும் மெல்ல மூடி மெல்லத் திறந்தது. பூனைகள் எல்லாம் செய்வதுதான் அது. அதற்கு என்ன அர்த்தமென்று மட்டும் குப்பத்தில் யாரும் சொல்லவில்லை. தனக்கோடிக்கு இவையெல்லாம் தடுப்பின் வழியாகக் கேட்கும். அவள் கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

1976இல் பூனையின் உயரம் குறையத் தொடங்கியது. முதலில் மாரிக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கையை விரித்து அளந்து பார்த்தாள். சாண் இருந்தது அரைச் சாணாகியிருந்தது. மழைக்கு முன்பு நாலு விரற்கடைக்கு வந்துவிட்டது. ஏறி இறங்குவதும் சன்னமாகியிருந்தது. "யக்கா, ஆளு எளச்சிப் போறாரு" என்று தனக்கோடியிடம் சொன்னாள். அன்றிலிருந்து பாயருகே சோறு வைத்தாள். நெத்திலிக் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, அவனுக்குப் பிடித்த சுறாப் புட்டு எல்லாம் செய்தாள். சோறு அப்படியே இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் பூனையும் அதில் வாய் வைக்கவில்லை. தட்டைச் சுற்றி, மலத்தை மூடுவதுபோல, வெறும் தரையை நகத்தால் பிராண்டி மூடிவிட்டுப் போனது.

தொரசாணிக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. தூங்கி எழுந்து இறங்கியதும் ஒரு மூலைக்குப் போய், காலைத் தூக்கிக்கொண்டு அடிவயிற்றை நக்கும். ஐந்து வருஷமாகத் தினமும் நக்கியது. பூனை என்றால் சுத்தம் என்று யாரும் கவனிக்கவில்லை. இப்போது அடிவயிற்றில் மயிரே இல்லை, தோல் சிவந்து வெடித்திருந்தது. நக்கிவிட்டுப் பானையடிக்கு ஓடித் தண்ணீர் குடிக்கும், குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மத்தியானம், விளக்கெண்ணெய் தடவலாமென்று, அது இறங்கியதும் நக்குவதற்குள் மாரி பிடித்து மடியில் மல்லாத்தினாள். வயிறு ஈரமாக இருந்தது. சொட்டச் சொட்ட ஈரம். விரலை வாயில் வைத்துப் பார்த்தாள்.

அவள் அலறவில்லை. ஓலைத் தடுப்பைத் தட்டி, "யக்கா, கொஞ்சம் வா" என்று மட்டும் கூப்பிட்டாள். தனக்கோடியும் தொட்டுப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கடத்தண்ணி."

"அஞ்சி வருசமா ஈரத்தோட படுத்துகினு கீறாருக்கா. ஒரு துணி மாத்தாம. நான் இன்னாமோ வூட்டுல சொகமா கீறாருன்னு நெனச்சிகினு கீறேன்."

தனக்கோடி வாய்த்துடுக்குக்காரி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அன்றைக்கு முந்தானையை எடுத்துப் பூனையின் வயிற்றை ஒற்றினாள். பூனை மடியிலிருந்து நழுவி மூலைக்குப் போய் நக்க ஆரம்பித்தது. மாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நாலு வீடு தள்ளிப் போனாள். அன்று இருசப்பனுக்கு வேலை இல்லை. வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காரு அண்ணாத்த. அன்னிக்கி இன்னா நடந்திச்சின்னு நீ சொல்லவே இல்ல."

"நீ கேக்கவே இல்லியே தங்கச்சி."

"இப்பக் கேக்கறேன்."

அவன் பீடியை மணலில் புதைத்தான். அலை மடங்குகிற இடத்தில் கட்டுமரம் கவிழ்ந்தது, கயிறு அறுந்து மரங்கள் தனித்தனியாகப் போயின என்றான். இரண்டு பேருக்கும் மிஞ்சியது அந்த ஒரு துடுப்புதான். ஒரு முனையை இவன் பிடித்தான், மறு முனையை அவன் பிடித்தான். ரொம்ப நேரம் அப்படிக் கிடந்தார்கள். பிறகு ஒரு அலை வந்துபோனது. துடுப்பு லேசாக இருந்தது. சொல்லிவிட்டு இருசப்பன் பீடி புதைத்த இடத்தில் மணலைக் குவித்தான். இன்னும் ஏதோ இருக்கிறதென்று மாரிக்குத் தெரிந்தது.

"எதுனா சொன்னாரா?"

"அத்த வுடு தங்கச்சி."

"சொல்லு அண்ணாத்த."

"கடசியா ஒரு ஆம்பள சொல்ற பேச்சா அது? அதுக்குத்தான் இத்தினி வருசமா வாயே தொறக்கல. 'மச்சான், தொரசாணி கூர மேல கீது, மாரி கதவச் சாத்திட்டு மீன் விக்கப் பூடப் போறா'ன்னான். அவ்ளோதான். ஒரு சாமி பேரு சொல்லல. பூனயப் பத்திப் பேசிகினே பூட்டான்."

மாரி கடலைப் பார்த்தாள். அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது.

"எம்பேரச் சொன்னாரு இல்ல?"

"சொன்னான்."

"அப்ப சரி" என்றாள். பிறகு, "நான் கதவச் சாத்தவே இல்ல. அன்னிக்கி மீனே விக்கப் போவல. அது அவருக்குத் தெரியாது பாரு" என்றாள். மறுபடியும், "அதுக்கோசரம்தான் வந்திருக்காரு. பூன உள்ள வந்திச்சான்னு பாக்க. வந்தவர நான்தான் போவ வுடல" என்றாள். இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழக் கூடாது. படியில் துடுப்பு விழாதவரை அந்தச் சாவுக்கு யாரும் அழக் கூடாது. ஐந்து வருஷமாக அவன் அதை அடக்கிக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் வா" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று பொழுது சாய்ந்தபோது மாரி வீட்டு நிலைப்படியில் பூனை மட்டும் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. குப்பம் அதைப் பார்த்தது. அடுப்பிலிருந்த உலையை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். காசிநாதன் நாட்டார் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மாரி உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கவில்லை. தலையில் அன்றைக்குக் கட்டிய கதம்பம் இருந்தது. பக்கத்தில் பாயின் மேல் நீலமேகத்தின் வேட்டி ஒன்றை மடித்து வைத்திருந்தாள், துவைத்து வெயிலில் காயப்போட்டது. இருசப்பன் துடுப்போடு வந்தான். சிவப்புத் துணி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. பூனை அவனை அண்ணாந்து பார்த்தது, எழுந்தது, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது, உள்ளே போய் வழி விட்டது. அவன் குனிந்து துடுப்பைப் படியில் குறுக்காக வைத்தான். மரம் மரத்தில் படுகிற சத்தம் கேட்டது. வழக்கப்படி பேசாமல் திரும்பிப் போயிருக்க வேண்டும். நாலடி போனவன் அப்படியே மணலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று அழுதான். அதற்குப் பிறகுதான் மாரி திரும்பிப் படியைப் பார்த்தாள்.

அவள் அழுதது நெடுநேரம் கேட்டது. அதில் பாதி, "பூன உள்ளதான் கீது, பூன உள்ளதான் கீது" என்பதாக இருந்தது.

செய்ய வேண்டியதை மறுநாளிலிருந்து முறையாகச் செய்தார்கள். தாலியைக் கழற்றினார்கள், துடுப்பை உடல்போலக் கிடத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றி எடுத்துப் போனார்கள். அதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முதல் நாளே, அந்தச் சாயங்காலத்தில், அழுகை ஓய்ந்து தனக்கோடி வந்து விளக்கு வைத்தபோது நடந்ததைத்தான் குப்பத்தில் சொல்கிறார்கள். பாயில் வைத்த வேட்டியைக் காணவில்லை. மாரி அதைத் தேடவில்லை. சுருண்டு போய், ஐந்து வருஷமாக எல்லோரும் சுற்றி நடந்த அந்தப் பாயில் அவளே சாய்ந்தாள். தொரசாணி வந்தது. பாய்க்கு மேலே இருந்த காற்றை ஒரு முன்காலால் தட்டிப் பார்த்தது, கால் நேராகக் கீழே போனது. இன்னொருமுறை தட்டிப் பார்த்தது. பிறகு மாரியின் நெஞ்சில் ஏறியது. பிசைந்தது, மூன்று சுற்றுச் சுற்றியது, படுத்தது. அதன் அடிவயிற்று ஈரம் அவள் ரவிக்கையில் இறங்கியது, தோலில் பட்டது. மாரி அசையவே இல்லை. தனக்கோடி ஏதோ கேட்க வாயெடுத்தபோது அவள் ஒரு விரலை வாயில் வைத்துக் காட்டினாள்.

விடிந்ததும் தனக்கோடி தடுப்பைத் தாண்டி வந்தாள். மாரி அதே ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில், பூனை படுத்த இடத்தில், வட்டமாக உப்புப் பூத்திருந்தது.

"இன்னும் ஈரமாக் கீதா?" என்று தனக்கோடி பூனையைக் காட்டிக் கேட்டாள்.

மாரி ரவிக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சிக்கா" என்றாள்.

அடுத்து வந்த மாசியில் தொரசாணியின் வயிற்றில் மயிர் முளைத்துவிட்டது, சித்திரையில் மூன்று குட்டி போட்டது. குட்டிகள் மற்ற வீட்டுப் பூனைகளைப்போலத் தரையிலும் கூடையிலும் அடுப்புச் சாம்பலிலும் படுத்தன. தொரசாணி மாத்திரம் மாரி மேலேயே படுத்தது. கூடையோடு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்ப்பாள். பூனை உள்ளே இருந்தாலும் பார்ப்பாள். கதவைச் சாத்துவதில்லை.